மலைப்பாதையும் பழைய மோட்டார் வண்டியின் தடுப்புக் குழாய்களும்

மலைநாட்டிற் பிறந்தோர்க்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து சரிவில் ஏறும் தாய்மாரும், லயத்திலிருந்து பாடசாலைக்கு நாள்தோறும் நடந்துவரும் சிறுவரும் இறக்கத்தை ஓய்வாகவே கருதுவர். மோட்டார் வண்டிக்கோ நிலைமை முற்றிலும் வேறு. ஏறமாட்டாத வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் வருவது சிறிது தாமதமும் சிறிது வெட்கமுமே. இறங்குங்கால் நிற்கமாட்டாத வண்டியால் வருவதை நாம் அறிவோம். 2023 ஜனவரி 20 ஆம் நாள் நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லைக் குறுக்குவழியிலே, பஸ் வண்டியொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு உயிர்கள் பறிபோயின. அந்தச் சரிவைக் கடக்கும்போதெல்லாம் கால் தானாகவே தடுப்பு மிதியைத் தேடுகின்றது என்று சாரதிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியின் தடுப்பைப் பற்றி எழுதுவானேன் என்று இம்மலரை வாசிப்போர் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பட்டறை வைத்து நடத்துகின்றனர். வேறு சிலர் பழைய வண்டிகளைத் தேடி வாங்கி, புதுக்கி, விரைவு கூட்டி ஓட்டுவதைப் பேரவாவாகக் கொண்டுள்ளனர். அவர்களுடைய பட்டறைகளில் மாலை வேளைகளில் அமர்ந்து கேட்டவற்றையும், பின்பு நூல்களோடு ஒப்புநோக்கித் தெளிந்தவற்றையும் ஈண்டு எழுதுகிறேன். பாடநூற்காரர் 'தடுப்பு' என்றும் பட்டறைக்காரர் 'பிரேக்' என்றும் கூறுவது ஒன்றையே. இரண்டு வழக்கும் இக்கட்டுரையில் வரும்; இலக்கணம் அறிந்த நண்பர்கள் பொறுத்தருள்க.

பழைய வண்டிகள் இம்மலைநாட்டில் இத்தனை எஞ்சியிருப்பதற்குக் காரணங்கள் உள. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டம் தோட்டமாக வைத்திருந்த வண்டிகளிற் சில, 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து அவர்கள் நாடு திரும்பியபோது இங்கேயே தங்கிவிட்டன. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால், உள்ள வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டும் கலை நம்மவர் கையில் நன்கு வளர்ந்தது. மீண்டும் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்தபோது, ஒதுக்கி வைத்த பழைய வண்டிகளையும் மக்கள் தூசு தட்டி வெளியே எடுத்தனர். மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்றும் 1990களில் இயங்கிற்று. பெற்ற தாய்க்குப் பிள்ளை சோறூட்டிய கதையே அது.

விரைவு வண்டிகளுக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கிற்று. சித்திரை மாத வசந்த காலத்திலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒடுங்கிய பாதையில், ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு மேலேறும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மலையேற்றப் போட்டியில் தடுப்புக்கு வேலை குறைவு. ஏற்றமே வண்டியை மெதுவாக்கிவிடும். கிண்ணம் வென்றவர் வீடு திரும்ப இறங்குகின்றாரே, அந்தப் பயணத்திலேதான் தடுப்பின் உண்மையான சோதனை. பொறியை வலுப்படுத்துவதற்கு இலட்சக்கணக்கிற் செலவிட்டு, தடுப்பை 1950களில் இருந்தபடியே விட்டுவைப்போர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இறக்கம் எவ்வளவு பெரிய வேலையைத் தடுப்பின்மேற் சுமத்துகின்றது என்பதைச் சிறு கணக்கினாற் காட்டலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. லபுக்கலை வழியாக இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு வந்தால் உயரம் ஏறக்குறைய 945 மீற்றர். சாரதியோடு 800 கிலோ எடையுள்ள சிறிய வண்டி 900 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 70 இலட்சம் யூல். குளிர்ந்த நீர் 20 லீற்றரை, அதாவது ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துக்கும் சற்று மேற்பட்ட நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு சக்தி போதும். அதிற் காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கீழ்க் கியரிற் போட்டு இறங்கினால் பொறி பெரும் பங்கை ஏற்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்னும் சாரதிகளின் வழக்கு இதனாலேயே வந்தது. எஞ்சியது முழுவதும் நான்கு சில்லுகளின் உட்புறத்திலே வெப்பமாக மாறும்.

இனி, அந்தத் தடுப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பார்ப்போம். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எத்திசையிலும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சிய அறிஞர் பஸ்கால் நிறுவினார். மிதியை அழுத்தும்போது தலைமை உருளையிலுள்ள முசலம் திரவத்தைத் தள்ளுகின்றது. மெல்லிய குழாய்கள் வழியே அவ்வமுக்கம் சில்லுகளிலுள்ள சிறிய உருளைகளை அடைந்து, அங்கே தடுப்புக் கட்டைகளை நெருக்குகின்றது. பட்டறையில் தலைமை உருளையை 'மாஸ்டர் சிலிண்டர்' என்பர். பயணிகள் வண்டியொன்றில் நான்கு சில்லுகளுக்கும் இம்முறையை முதன்முதலிற் பொருத்தி விற்றது 1921 ஆம் ஆண்டின் அமெரிக்க டூசன்பேர்க் வண்டியே ஆகும். அதற்கு முன்னர்க் கம்பியும் கோலுமே வேலை செய்தன.

கணக்கு எளிது. சாரதி 30 கிலோ விசையோடு மிதிக்கின்றார் என்க. மிதியின் நெம்பு ஐந்து மடங்காயின் முசலத்தின்மேல் 150 கிலோ விழும். தலைமை உருளையின் விட்டம் முக்கால் அங்குலமானால் அதன் முகப்பரப்பு 2.85 சதுர சென்ரிமீற்றர். ஆகவே குழாயினுள் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 52 கிலோவுக்குச் சற்று மேல். அதே உருளையைக் கழற்றி 7/8 அங்குல உருளையைப் பொருத்தினால் அமுக்கம் 39 கிலோவாகக் குறையும். பெரிய உருளை போட்டேன், மிதி கல்லுப்போல் இருக்கிறது, பிரேக் நன்றாகிவிட்டது என்று மகிழ்வோரை நான் கண்டிருக்கிறேன். மிதி கல்லானது உண்மை. நிறுத்தும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு போனதும் உண்மை. காலுக்குத் தோன்றும் உறுதியும் சில்லிற் பிறக்கும் விசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை நம் மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே உணர்தல் வேண்டும்.

பழைய வண்டிகளிற் பெரும்பாலானவை பறைத் தடுப்பு உடையவை. சுழலும் பறையின் உட்புறத்திலே இரண்டு பிறைவடிவக் கட்டைகள் விரிந்து உராய்வதே அதன் அமைப்பு. மூடிய பறைக்குள் வெப்பம் தங்கிவிடும்; சூடேறிய பறை விரிந்து கட்டையை விட்டு விலகும்; மிதி தாழ்ந்துகொண்டே போகும். திறந்த வெளியிலே சுழலும் தட்டை இரு புறமும் கவ்வும் தட்டுத் தடுப்பு இக்குறையை நீக்கிற்று. 1953 இல் லெ மான் நெடும்போட்டியை ஜகுவார் வண்டிகள் வென்றபோது உலகம் அதன் பெருமையை அறிந்தது. 1961 இல் வந்த மினி கூப்பருக்கு முன்சில்லுகளில் ஏழு அங்குலத் தட்டுகள் இருந்தன. அதன் வழிவந்த கூப்பர் எஸ் வண்டி 1964 இல் மொன்டிக் கார்லோ நெடுவழிப் போட்டியை வென்றது. ஆகவே சாதாரண மினியையோ மொறிஸ் மைனரையோ வலுவான பொறியிட்டு விரைவு வண்டியாக்குவோர், முன்சில்லுகளுக்குத் தட்டுத் தடுப்பை வெளியிலிருந்து வாங்கிப் பூட்டுகின்றனர். பூட்டுவது எளிது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இடர் முழுவதும் குழாய்களிலேதான் இருக்கின்றது.

குழாய் வேலையில் முதற் பகை திருகுபுரி. ஆங்கில வண்டிகளின் தடுப்புக் குழாய் பொதுவாக 3/16 அங்குல வெளிவிட்டமுடையது. அதை இறுக்கும் மரை 3/8 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 புரிகள். யப்பானிய வண்டிகளிலோ அதே பருமனுள்ள குழாய்க்கு எம் 10 எனப்படும் மரை. அதன் விட்டம் 10 மில்லிமீற்றர், புரிக்குப் புரி இடைவெளி ஒரு மில்லிமீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்று உதிரிப்பாகம் தேடுவோர்க்கு யப்பானியப் பாகங்களே கைநிறையக் கிடைக்கும். விலையும் மலிவு. ஆகவே ஆங்கில வண்டியின் குழாயை யப்பானியத் தலைமை உருளையிற் பொருத்தும் ஆசை எழுகின்றது.

3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 24 புரியென்றால் இடைவெளி 1.06 மில்லிமீற்றர். இரண்டும் எவ்வளவு அருகில் உள்ளன பாருங்கள்! ஆங்கில மரை யப்பானியத் துளைக்குள் இலகுவாகப் போகும், சுற்றும், இறுதியில் இறுகியது போலவும் தோன்றும். ஆனால் புரியின் பற்கள் ஏறக்குறைய பாதி ஆழமே ஒன்றையொன்று கவ்வியிருக்கும். தரையிலே நிறுத்தி மெதுவாக மிதிக்கும்போது ஒரு துளியும் கசியாது. ரதல்லை போன்ற சரிவிலே, முன்னால் ஆடு குறுக்கிட, சாரதி முழுப்பலத்தோடு மிதித்து அமுக்கம் 70, 80 கிலோவுக்கு உயரும் அந்த நொடியில், அந்த அரைப்பற்கள் உரிந்து குழாய் வெளியே பாயும். ஹற்றனிலே பட்டறை நடத்தும் நம் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், புரி ஏறினாற் போதும் என்று நினைக்கிறார்கள். இறுக்குவதற்கு முன் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் அது நம்முடைய புரி அல்ல." இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்கு விளக்கவில்லை.

இரண்டாவது பகை குழாயின் வாய். குழாயை வெறுமனே வெட்டி மரையால் இறுக்குவதில்லை. அதன் வாயை மலர்த்தி, மரை அந்த மலர்வை அடித்தளத்தோடு அழுத்துமாறு செய்வர். பட்டறையில் இதனைப் 'பிளேர் அடித்தல்' என்பர். திரவத்தைத் தடுத்து நிறுத்துவது இம்மலர்வே. புரிக்கு அதில் வேலை இல்லை. புரியிலே வெள்ளை நாடாவைச் சுற்றிக் கசிவை அடைக்க முயல்வோர் நீர்க்குழாயையும் தடுப்புக் குழாயையும் ஒன்றென எண்ணுகின்றனர். நாடாவின் துணுக்கு உதிர்ந்து உள்ளே போனால் சிறு துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன் பின் ஒரு சில்லு பிடிக்கும், மற்றது பிடிக்காது.

மலர்விலும் இனங்கள் பல. துளையின் அடியிலே கூம்பு மேலெழுந்து நின்றால் குழாயின் வாய் குழிந்து, இரட்டையாக மடிக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். அடி குழிந்திருந்தால் வாய் குமிழ்போல் இருத்தல் வேண்டும். பழைய ஆங்கில வண்டியொன்றிலேயே ஒரே குழாயின் ஒரு முனை குமிழாகவும் மறுமுனை குழிவாகவும் இருப்பதுண்டு. எனவே பழைய குழாயைக் கழற்றியவுடன் எறிந்துவிடாமல், இரு முனைகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டே புதியதைச் செய்தல் தகும். போட்டி வண்டிகளுக்கென விற்கப்படும் விமானத் தர இணைப்புகளிலே இன்னுமொரு பொறி ஒளிந்திருக்கின்றது. ஏ.என். 3 எனப்படும் அவற்றின் புரியும் 3/8 அங்குலம், 24 தான். ஆனால் அவற்றின் கூம்பு 37 பாகை. வண்டிக்குரிய மலர்வோ 45 பாகை. யப்பானியப் பாகத்திலே புரி ஒவ்வாது. விமானப் பாகத்திலே புரி ஒத்து, கூம்பு ஒவ்வாது. இறுக்கினால் உட்காரும், விளிம்பில் மாத்திரம் தொட்டுக்கொண்டு, நாளடைவில் கசியும். எட்டுப் பாகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கூம்பைப் பயன்படுத்தத் தொடங்கினால் அந்த இணைப்பின் இரு பக்கமும் அதே கூம்பாக இருத்தல் வேண்டும். இரண்டு முறைகளும் சந்திக்குமிடத்தில் அதற்கெனவே செய்த இடையிணைப்பை வாங்கிப் பொருத்துதல் வேண்டும்.

குழாய் எந்த உலோகத்தாலானது என்பது அடுத்த கேள்வி. வண்டி செய்தோர் இட்டது இரட்டைச் சுவருள்ள உருக்குக் குழாய். மழையும் பனியும் ஓயாத இம்மலைநாட்டில் அது வெளிப்புறத்திலிருந்து துருவேறும். பற்றுக்கொழுக்கியின் கீழே, சேறு தங்குமிடத்தில், யாரும் பாராத இடத்தில். இதைக் கண்டு, குளிர்சாதனப் பெட்டி திருத்துவோரிடம் கிடைக்கும் செப்புக் குழாயைச் சிலர் வாங்கி வளைத்துப் பூட்டுகின்றனர். செம்பு வளைப்பதற்கு இனிது, துருவும் ஏறாது. ஆனால் ஓயாத அதிர்வினாற் கடினமாகி, ஒருநாள் மலர்வின் அடியிலே நுண்ணிய வெடிப்புக் காணும். அத்தோடு குளிர்சாதனத் தொழிலாளர் கருவி ஒற்றை மலர்வையே செய்யும். அது தடுப்பின் அமுக்கத்துக்குரியதன்று. செம்போடு பத்து வீதம் நிக்கல் கலந்த குழாயே இதற்கு ஏற்றது. செம்பைப் போல இலகுவில் வளையும், உருக்கைப் போல உறுதியும் உண்டு, துருவேறாது. சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் வண்டிகளுக்கு இதனை ஏற்றுக்கொண்டது. விலை கூடுதல்தான். ஒரு வண்டிக்கு வேண்டியதோ ஒரு சிறு சுருள்.

சில்லுக்கும் உடலுக்கும் இடையே வளையும் குழாய் வேண்டும். பழைய றப்பர்க் குழாய் வயதேறி வீங்கும். உட்புறம் உரிந்து, ஒருவழி வால்வுபோற் செயற்பட்டு, மிதியை விட்ட பின்னும் சில்லைப் பிடித்து வைத்திருக்கும். உருக்குப் பின்னல் போர்த்த புதுவகைக் குழாய் வீங்காது. மிதியும் உறுதியாக இருக்கும். ஆனால் அப்பின்னல் அரம்போன்றது. எதிலே உராய்ந்தாலும் அதை அறுக்கும், அல்லது தானே அறுபடும். ஆகவே முன்சில்லை இரு புறமும் முடிந்த மட்டும் திருப்பியும், வண்டியை உயர்த்திச் சில்லைத் தொங்கவிட்டும், மீண்டும் இறக்கி அமுக்கியும், எந்நிலையிலும் குழாய் இழுபடாமலும் டயரிற் படாமலும் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் சில்லு முழுவதும் திரும்பும். சமவெளியில் ஓராண்டு உராயாத குழாய் இங்கே ஒரு வாரத்தில் உராயும்.

பறையை நீக்கித் தட்டைப் பொருத்துவோர் மறப்பது மற்றொன்று. பறைத் தடுப்புக்குரிய பழைய தலைமை உருளையின் வாயிலிலே சிறிய தடைவால்வு ஒன்று இருக்கும். மிதியை விட்ட பின்னும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 இறாத்தல் அமுக்கத்தைக் குழாயில் அது தேக்கி வைக்கும். அதனாற் சில்லு உருளையின் றப்பர் உதடுகள் சுவரோடு ஒட்டியிருந்து காற்றை உள்ளே விடா. பறையிலே கட்டைகளைப் பின்னிழுக்க வலிய சுருள்வில் உண்டு. ஆதலின் அச்சிறு அமுக்கம் தீங்கு செய்யாது. தட்டுத் தடுப்பிலே அத்தகைய சுருள்வில் இல்லை. பழைய வால்வை அப்படியே விட்டால் கட்டை எந்நேரமும் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். வண்டி இழுக்காது, எண்ணெய் அதிகம் குடிக்கும், சில்லு காய்ந்து மணக்கும். உரியவரோ பொறியைக் குற்றம் சொல்வார். எனவே முன்சில்லுக்குச் செல்லும் வழியில் அவ்வால்வு நீக்கப்படல் வேண்டும். பின்சில்லுகள் பறையாகவே இருப்பின் அவற்றின் வழியில் மட்டும் தனியாக ஒன்றைப் பொருத்தலாம்.

மொறிஸ் மைனரிலே இதற்கு ஒரு கிளைக் கதையும் உண்டு. அதன் தலைமை உருளை சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, சட்டத்தினுள் ஒளிந்திருக்கின்றது. தட்டுத் தடுப்பின் கவ்வி உருளையிலும் உயர்ந்து நின்றால், வண்டி நிற்கும்போது திரவம் மெல்லப் பின்னோக்கி வடியும். காலையில் முதல் மிதி தரையைத் தொடும். இதற்கென 2 இறாத்தல் மட்டும் தேக்கும் மெல்லிய வால்வு கிடைக்கும். பத்தையும் இரண்டையும் மாற்றிப் போட்டால் முற்கூறிய கதையே மீண்டும். வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குக.

பறைத் தடுப்பிலே முன்னோக்கிச் சுழலும் பறை கட்டையைத் தன்னோடு இழுத்து இறுக்கும். சாரதிக்கு இது இலவச உதவி. தட்டிலே இவ்வுதவி இல்லாமையால் மிதி கனக்கும். அதனைச் சரிசெய்ய வெற்றிடத்தால் இயங்கும் துணைக்கருவியை, 'சேர்வோ' என்பதை, தலைமை உருளைக்கும் சில்லுகளுக்கும் இடையிலே குழாய்வழிப் பொருத்துவர். பொறியின் உறிஞ்சு குழாயிலிருந்து வெற்றிடம் வரும். வெளிக்காற்றின் அமுக்கம் அதன் மறுபக்கத்தைத் தள்ளும். நம் மலைநாட்டவர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நுவரெலியாவிலே வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கே. தள்ளுவதற்குக் காற்று குறைவாயின் துணையும் அவ்வளவு குறையும். கொழும்பிலே பொருத்திக் காலி வீதியில் ஓட்டிப் பார்த்து, ஆகா என்று வியந்த வண்டி, நுவரெலியாவில் மிதிக்கும்போது மந்தமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். வண்டி பழுதாகவில்லை. அத்தோடு, இறக்கத்திலே பொறி நின்றுபோனால் சேமித்த வெற்றிடம் சில மிதிகளுக்குள் தீரும். அதன்பின் சாரதியின் காலைத் தவிர வேறு துணையில்லை. துணையின்றியும் வண்டியை நிறுத்துமளவுக்கு உருளையின் விட்டத்தைத் தேர்ந்த பின்னரே சேர்வோவைப் பற்றிப் பேசுதல் முறை.

பழைமையை அப்படியே பேணவேண்டும் என்னும் நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்குண்டு. அக்காலத்து வண்டிகளின் தடுப்பு ஒற்றை வழியுடையது. ஓரிடத்திற் குழாய் அறுந்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். அமெரிக்காவிலே 1968 முதற் பயணிகள் வண்டிகளுக்கு இரட்டை வழியைச் சட்டமே கட்டாயமாக்கிற்று. தலைமை உருளையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முசலங்களை வைத்து, முன்சில்லுகளுக்கு ஒன்றும் பின்சில்லுகளுக்கு ஒன்றுமாகப் பிரித்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றது எஞ்சும். இருக்கையின் தோலும் முகப்பின் கடிகாரமும் பழையபடி இருக்கட்டும். நானும் அவற்றை விரும்புகிறேன். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு ஒற்றை வழியை விட்டுவைப்பதைப் பழைமைப் பற்று என்று என்னால் ஒப்ப இயலவில்லை.

இரட்டை வழியாக்கும்போது முன்னும் பின்னும் சமநிலையைப் பார்த்தல் வேண்டும். தடுக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாயும். இறக்கத்தில் அது இன்னும் கூடும். பாரம் குறைந்த பின்சில்லு முதலிற் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம்போற் சுழலும். மினியின் பின் சட்டகத்திலே அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருப்பது இதனாலேயே. குழாய்களைப் புதுப்பிக்கும்போது அதனைத் தேவையற்ற பொருளென்று கழற்றி எறிந்துவிடுதல் கூடாது.

திரவத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பட்டறையில் 'பிரேக் ஒயில்' என்றாலும் அது எண்ணெய் அன்று. மண்ணெண்ணெயோ பொறியெண்ணெயோ சிறிதளவு கலந்தாலும் பழைய றப்பர்கள் ஊதிப் பழுதாகும். சாதாரணத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஏறத்தாழ 3.7 வீதம் நீரை உறிஞ்சிய பின் அது 140 பாகைக்கு இறங்கலாம். டொட் 4 புதிதில் 230, ஈரமேறிய பின் 155. கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி நசுங்கும், மிதி தரைக்குப் போகும். இறம்பொடை இறக்கத்தின் நடுவிலே நல்ல மிதி திடீரென வெறுமையாவதும், ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறிய பின் மீண்டும் சரியாவதும் இதனாலேயே. ஆறியபின் சரியாகிவிட்டது என்று தொடர்ந்து ஓட்டுவோரை எண்ணும்போதுதான் அச்சமாக இருக்கின்றது. மூடுபனியிலும் அடைமழையிலும் வாழும் நாம், ஈராண்டுக்கு ஒருமுறை என்று கீழ்நாட்டார் சொன்னால், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. நீரை உறிஞ்சாத சிலிக்கன் திரவமாகிய டொட் 5 உண்டு. வண்ணப்பூச்சையும் அது கெடுக்காது. காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு அது பொருந்தும். உள்ளே புகுந்த நீர் அதனோடு கலவாமல் தாழ்ந்த இடத்தில் துளியாகத் தங்கும். தங்கிய இடத்திற் கொதிக்கும். மலையேறி இறங்கும் வண்டிக்கு நான் அதனை விரும்பேன். பழைய திரவத்தோடு அதனைக் கலத்தலும் ஆகாது.

எல்லாம் பூட்டிய பின் காற்று நீக்கல். பட்டறை வழக்கில் 'எயார் எடுத்தல்'. காற்று எப்போதும் மேலே ஏறும். ஆகவே கவ்வியின் காற்றுத் திருகு மேற்புறம் இருத்தல் வேண்டும். இடக்கவ்வியை வலப்புறமும் வலக்கவ்வியை இடப்புறமும் மாற்றிப் பூட்டினால் அது கீழே போய்விடும். எத்தனை போத்தல் திரவம் ஊற்றினாலும் மிதி பஞ்சாகவே இருக்கும். குழாயை வழியில் கூனலாக மேல்நோக்கி வளைத்திருந்தால் அக்கூனலிலும் காற்று பதுங்கும். மிதிக்கும் முசலத்துக்கும் இடையிலுள்ள தள்ளுகோலுக்குச் சிறிது தளர்வு விடுதல் அவசியம்; இல்லையேல், திரவம் சூடேறி விரியும்போது கொள்கலத்துக்குத் திரும்பும் சிறு துளை மூடப்பட்டு, யாரும் மிதியாமலே தடுப்பு இறுகும்.

வண்டியை வெளியே எடுக்குமுன் ஒருவர் மிதியை முழுப்பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் ஒவ்வொரு பொருத்தையும் வெண்தாளால் ஒற்றிப் பார்த்தல் வேண்டும். மிதி சிறிதும் தாழக்கூடாது. தாளில் ஈரம் படக்கூடாது. அதன்பின் தோட்டத்து மைதானம் போன்ற சமநிலத்தில், அருகில் எவரும் இல்லாத வேளையில், மெல்ல ஓட்டிச் சில தடவை நிறுத்துக. பின்னர்ச் சிறு சரிவு. ஒரு வாரம் சமவீதியில் ஓடிய பின் மீண்டும் அதே வெண்தாளோடு கீழே படுத்து, எல்லாப் பொருத்துகளையும் ஒற்றிப் பார்த்து, கொள்கலத்தின் அளவு குறையவில்லை என்று கண்ட பின்னரே இறம்பொடை வழியாக இறங்குவதைப் பற்றி எண்ணலாம்.